மாட்டுப் பொங்கல் ராத்திரிக்கு எந்தப் படம்?

மாட்டுப் பொங்கலன்று ராத்திரி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் படம் போடுவது வழக்கமாகிவிட்டது. தம்பி புரொஜெக்டர் கொண்டுவருவான். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவரில் அப்பாவின் எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டினால் திரை தயார். தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கும் நாங்கள், கம்பத்திலிருந்து சித்தப்பா வீட்டார், குமுளி தாண்டி வண்டிப்பெரியாரிலிருந்து அண்ணன் குடும்பம் என்று இருபத்தைந்து பேர் கூடுவோம். மதினி அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகள் இருவரும் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். அப்பத்தாவிடம் தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் மலையாளம்.

இந்த முறை படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கொஞ்ச நாளாக நான் பார்த்த படங்கள், திரும்பப் பார்த்த படங்கள் என்று ஆறேழு மனதில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாமே எனக்குப் பிடித்தவை. ஆனால் தனியாகப் போர்வைக்குள் போனில் பார்க்கும்போது தோன்றுவது வேறு, மாடியில் இத்தனை பேர் நடுவே உட்கார்ந்தால் தோன்றுவது வேறு. எனவே இரண்டு பேரை நினைத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்று அம்மா. சர்க்கரையால் பார்வை மங்கி நாலு வருடம் ஆகிறது. படத்தைக் காதால்தான் பார்க்கிறார். இன்னொன்று அக்கா. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறாள். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும்தான் லீவு. அடுத்த நாள் விடியும் முன்பே தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்கும். அவள் மூன்றரைக்கு எழுந்து சோறு வடிக்க வேண்டும்.

போன வருடம் 'லப்பர் பந்து' போட்டோம். அதுபோல ஒரு ராத்திரி அந்த மாடிக்கு அமைந்ததில்லை. 2024 செப்டம்பரில் வந்த படம், தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. ஊருக்கு ஊர் கிரிக்கெட் டோர்னமென்ட் ஆடுகிற இரண்டு பேர். மூத்தவரை 'அட்டகத்தி' தினேஷும் இளையவனை ஹரிஷ் கல்யாணும் செய்திருக்கிறார்கள். இளையவன் காதலிக்கும் பெண் மூத்தவரின் மகள். தினேஷ் மட்டையோடு இறங்கும்போது அந்தப் பழைய விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் சித்தப்பா எழுந்து நின்று விசில் அடித்தார். அந்தப் படத்தில் நான் அதிகம் ரசித்தது ஸ்வாசிகாவின் யசோதையை. புருஷன் ஆடப் போகிறான் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வரும் கோபம் எங்கள் தெருவில் எத்தனையோ வாசல்களில் பார்த்த கோபம். எந்த டீமில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் படம் மழுப்பாமல் சொல்கிறது. தம்பி இந்த வருடமும் அதையே போடலாம் என்றான். அதே படத்தை அதே ஆட்களுக்குப் போட்டால் அந்த விசில் திரும்ப வராது. ஆனாலும் எனக்கு அதுதான் அளவுகோல். மாடியில் ஒரு படம் நிற்க வேண்டுமானால் அம்மா சிரிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் கீழே ஓடாமல் இருக்க வேண்டும், படம் முடிந்த பிறகு பேச ஏதாவது இருக்க வேண்டும்.

'கொட்டுக்காளி'யை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. பின்னணி இசையே கிடையாது. பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண்ணை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகும் ஒரு பகல் பயணம். அன்னா பென் படம் முழுக்க வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் பேசாமல் இருப்பவளின் முகத்தை அம்மாவுக்கு நான் எப்படிக் காட்டுவேன்? அது ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டிய படம். மதினியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன், பார்த்துவிட்டுப் போன் பண்ணுவதாகச் சொன்னார்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து வாழ்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் பொருத்தமான ஜோடி. எல்லோரும் நல்லவர்களாகிவிடும் கடைசிப் பகுதி எனக்குக் கொஞ்சம் இனிப்புக் கூடுதலாகத் தெரிந்தது. இதைச் சித்திரை லீவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அண்ணனின் தேர்வு. போனிலேயே சண்டை போட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அது வந்தபோது நான் கம்பத்தில் தியேட்டரில் பார்த்தேன். டப்பிங் கிடையாது, மலையாளம் மலையாளமாகவே ஓடியது. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் தடையாக இல்லை, பாதிப் பேர் வாரம் ஆறு நாள் அந்தப் பாஷையில்தான் கூலி வாங்குகிறார்கள். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாக நடந்தது. விழுந்த நண்பனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மறுத்த பையன்களின் கதை. இறங்க யாரும் துணியாத குழிக்குள் அவர்களில் ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். இந்தப் பையன்கள் ஊரில் கயிறு இழுக்கும் போட்டியில் ஆடுபவர்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே காட்டியிருப்பார்கள். கடைசியில் மேலே நின்று அதே கைகளால் கயிற்றை இழுக்கும்போது 'கண்மணி அன்போடு' ஒலிக்கும். தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். 1991இல் வந்த பாட்டை முப்பது வருடம் கழித்து வேறொரு பாஷைக்காரர்கள் எடுத்து இப்படி வைக்க முடியும் என்று யார் நினைத்தது?

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்தப் படத்துக்கு இருட்டும் பெரிய சத்தமும் வேண்டும். குகையின் ஆழம் காதுக்குள் இறங்க வேண்டும். எங்கள் மாடியில் தெருவிளக்கு வெளிச்சம், கீழே மாட்டுச் சலங்கை, எதிர்வீட்டு ஸ்பீக்கர். வேட்டித் திரையில் அந்தக் குழி ஒரு கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். அதோடு எங்கள் கூட்டத்தில் அதைப் பார்க்காதவர் மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

அம்மாவின் காதை மட்டும் நினைத்தால் 'மெய்யழகன்'தான். பிரேம்குமார் இயக்கியது. அது முழுக்க முழுக்கப் பேச்சு. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வந்தபோது மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் குறைவு. ரிலீஸ் ஆன பிறகு 18 நிமிடம் போல வெட்டினார்கள். முதல் பாதியில் அந்தக் கல்யாண மேடை எனக்கு மறக்காது. இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த அண்ணன் அரவிந்த்சாமி கொண்டுவந்த சீரை, மேடையிலேயே நீயே போட்டுவிடு என்று தங்கை கேட்கிறாள். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறான். யாரும் பெரிய வசனம் பேசவில்லை. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவி வந்தேன். இரண்டாம் பாதியில் கார்த்தி தன் நல்ல மனசைத் தானே சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார் என்ற குறை எனக்கு உண்டு. கேட்கக் கேட்க இனிக்கிறது, கொஞ்சம் அலுக்கவும் செய்கிறது. ஆனால் அவ்வளவு அன்பாகப் பேசும் ஒருவரின் பெயர் நினைவில் இல்லையே என்று அரவிந்த்சாமி கூசிப்போவது இருக்கிறதே, அது உண்மையான கூச்சம். வெளியூர் போய்த் திரும்பி வந்த யாருக்கும் தெரியும்.

இதை நான் எடுக்காததற்குக் காரணம் நீளம் மட்டுமில்லை. அந்தக் கதை பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களுக்குள் வந்த சொத்துத் தகராறில் இழப்பதில் தொடங்குகிறது. எங்கள் ஓட்டு வீட்டைப் பாகம் பிரித்தபோது அப்பாவும் சித்தப்பாவும் ஏழு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகுதான் சித்தப்பா படியேறினார். இப்போது மாட்டுப் பொங்கலுக்கு வந்து விசில் அடிக்கும் அளவுக்கு ஆகியிருக்கிறது. வீட்டை விட்டு அந்தக் குடும்பம் கிளம்பும் காட்சியை அவரையும் அம்மாவையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இருவரும் பேசாமல் தாண்டிவந்த விஷயம் அது. பேச வேண்டுமானால் அவர்களாகப் பேசட்டும்.

இனி எழுதுவதில் 'வாழை'யின் முடிவு வருகிறது. பார்க்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த படம் எது என்று கேட்டால் தயங்காமல் 'வாழை' என்பேன். மாரி செல்வராஜ் தன் சிறுவயதில் நடந்ததை ஒட்டி எடுத்தது, 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது. தென்பக்கத்தில் வாழைத்தார் சுமக்கும் ஊர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சிவனைந்தன் என்ற பையன் அம்மாவோடும் அக்காவோடும் தார் சுமக்கப் போக வேண்டும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. கால் முள், கழுத்து வலி, காய்ச்சல் என்று தப்பிக்கப் பார்க்கிறான். பூங்கொடி டீச்சர் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். நிகிலா விமலுக்கு அந்த டீச்சர் வேடம் அழகாகப் பொருந்தியிருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் ரஜினியா கமலா என்ற சண்டையும் சிரிப்புமாகப் போகும். நம் மாவட்டப் பெயரைச் சுமக்கும் தேனி ஈஸ்வர்தான் கேமரா. பச்சை வாழைத்தோப்பை அழகாகவும் காட்டுகிறார், அந்த அழகுக்குள் முதுகு வளைந்தவர்களையும் காட்டுகிறார். கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். பிறகு தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களும் ஏறி வருகிறார்கள். லாரி கவிழ்கிறது. அன்று வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போன பையன் மட்டும் பசியோடு வீடு திரும்புகிறான்.

இதை எழுதும்போது என் கண்முன் நிற்பது அக்காவின் ஜீப். கூடலூர், கம்பம், போடிப் பக்கமிருந்து குமுளி வழியும் கம்பமெட்டு வழியும் போடிமெட்டு வழியும் தினமும் பெண்கள் மலையேறுகிறார்கள். உள்ளே உட்கார இடம் இல்லாமல் மடியில் மடியாக உட்கார்ந்து, சோற்றுத் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். எங்கள் தெருவிலேயே ஜீப் கவிழ்ந்து இடுப்பு முறிந்தவர் ஒருவர் இருக்கிறார், மலைக்குப் போய் வருடம் ஆகிறது. அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் எங்கள் மாடித் திரை தெரியும். ராத்திரி பத்து மணிக்கு அந்த லாரியைப் பார்த்துவிட்டு விடியும் முன் ஜீப் ஏறச் சொல்வதா?

ஒரு படம் நிஜத்தைக் காட்டுகிறது, அதனாலேயே அந்த நிஜத்தில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். நானும் அப்படி நினைப்பவள்தான். ஆனால் அதற்கும் நேரம் இருக்கிறது. அந்தப் படத்தை ஜீப்புக்கு ஆள் பேசுகிறவர்களும், ஏழு பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினேழு பேரை ஏற்றுகிறவர்களும் முதலில் பார்க்கட்டும். அக்காவுக்கு அதில் தெரிந்துகொள்ளப் புதிதாக ஒன்றும் இல்லை.

கடைசியாக எஞ்சியது 'நண்பகல் நேரத்து மயக்கம்'. தலைப்பே தமிழ், படம் மலையாளம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த படம். 2023 ஜனவரியில், இதே பொங்கல் சமயத்தில்தான் தியேட்டருக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கும் மம்மூட்டியின் நடிப்புக்கும் கேரள அரசு விருது கிடைத்தது. வேளாங்கண்ணிக்குப் போன மலையாளிகள் வேனில் ஊர் திரும்புகிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வண்டியில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஜேம்ஸ் என்ற மம்மூட்டி கண் விழித்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். ஒரு வீட்டுக் கொடியில் கிடந்த கைலியைக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன சுந்தரமாகவே பேசுகிறார், நடக்கிறார். தமிழ்நாட்டுச் சாப்பாடும் பாட்டும் பிடிக்காதவராக வண்டியில் வந்த மனிதர் அவர்.

பழனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். கேமரா இங்கேயும் தேனி ஈஸ்வர்தான். பெரும்பாலும் கேமராவை ஓரிடத்தில் வைத்துவிட்டு அசைக்கவே இல்லை. திண்ணை, சந்து, ஓட்டுச் சாய்ப்பு, அதன் நடுவே ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். மெதுவாகப் போகும் படம்தான், மறைக்கவில்லை. வேனுக்குள் நடக்கும் முதல் அரை மணி நேரத்தில் தம்பி போனை எடுப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் படத்தை நான் அம்மாவுக்காகத்தான் எடுக்கிறேன். இதற்கென்று தனியாகப் பின்னணி இசை போடவில்லை. ஊருக்குள் எங்கோ ஒரு ரேடியோவில், ஏதோ ஒரு வீட்டு டிவியில் பழைய தமிழ்ப் பாட்டும் பழைய படங்களின் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். சுந்தரத்தின் வீட்டில் பார்வையில்லாத ஒரு மூதாட்டி டிவி முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். ஊரே இவன் யாரோ என்று பதறும்போது அவர் மட்டும் வித்தியாசமே தெரியாமல் இருப்பார். நான் முதல்முறை பார்த்தபோது அந்த மூதாட்டியையும், எங்கள் கூடத்தில் டிவிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். எந்தப் படத்தின் வசனம், யார் குரல் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார். எங்களில் யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும் ராத்திரியாக அது இருக்கும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் இன்னொரு காரணம். இந்தப் படத்தில் யாருக்கும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. வேனில் வந்தவர்கள் மலையாளம் பேசுவார்கள், ஊர்க்காரர்கள் தமிழ் பேசுவார்கள், ஜேம்ஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார். எங்கள் மாடியிலும் அதேதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி எல்லை அடைபட்டபோது அண்ணன் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மதினிக்கு அது தலைப்பிரசவ மாதம். வளைகாப்புக்கு வாங்கிய வளையலை அம்மா பிப்ரவரி வரை பெட்டியில் வைத்திருந்தார். அந்த நாட்களில் 'நீங்கள்', 'நாங்கள்' என்று பேசிய வாய்கள் இன்று ஒரே தட்டில் கரும்பு கடிக்கின்றன. அவர்களோடு உட்கார்ந்து, ஒரு மனிதர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்தப் பக்கத்து ஆளாகிவிடுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

இந்தப் படம் மாடியில் நிற்குமா என்று ஒரு சந்தேகம் இருந்தது, அதை அம்மாதான் தீர்த்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரிடம் கதையைச் சொன்னேன். ஊர்க்காரர்களுக்கு வரும் கோபம், கண்ணாடியில் வேறு முகம் தெரிந்து அவர் கலங்கும் இடம் எல்லாம் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, அந்த மலையாளத்தான் பொண்டாட்டி எங்க இருந்தா?"

"அங்கேயேதாம்மா. தெருவுல ஒக்காந்து அவரையே பாத்துக்கிட்டு இருக்கும்."

"காணாமப் போனவன் பொண்டாட்டி?"

"வீட்டுக்குள்ள."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு. ஒருத்திக்கு வந்துட்டான், ஒருத்திக்குப் போயிட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போடு, பாப்போம்" என்றார்.

நான் இரண்டு முறை பார்த்தும் ஜேம்ஸையே தொடர்ந்துகொண்டிருந்தேன். ரம்யா பாண்டியன் செய்திருக்கும் பூங்குழலி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அம்மா கேட்ட பிறகுதான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பயமா, நம்பிக்கையா என்று பிரிக்க முடியாத முகம். வேன் போன பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று படம் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். மாடியில் அதைப் பற்றி நிச்சயம் பேச்சு வரும்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணிக்கு அக்கா படுத்துவிடலாம். தை மாதப் பனிக்கு இரண்டு ஜமுக்காளம், சுக்குக் காப்பி ஒரு குண்டான். அண்ணனுக்கு மட்டும் இன்னும் மனக்குறை, அவனுக்கு அடுத்த வருடம் தேர்வு செய்யும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன்.

முடிவு செய்ததை அக்காவிடம் சொல்லப் போனேன். சோற்றுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வாழைப் படம் போடுவன்னு நெனச்சேன்டி" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "நீ பாத்துட்டியா?"

"ஜீப்புல. வரும்போது போன்ல, நாலு பேரு சேந்து. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா. கடைசியில அந்தப் பிள்ளை போன் ஒடஞ்சு போச்சு, மிச்சம் பாக்கல." தூக்கின் மூடியைத் துடைத்தபடியே கேட்டாள். "அந்தப் பய கடைசியில சுமக்கப் போனானா, பள்ளிக்கூடம் போனானா?"

"பள்ளிக்கூடம் போனான்" என்றேன்.

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குள் போனாள்.